கண் முகாமின் மஞ்சள் துணி

போன மாதம் எனக்குக் கண் ஆபரேஷன் ஆனது. காலையில் போனேன், மத்தியானம் வீட்டுக்கு வந்து ரசம் சாதம் சாப்பிட்டேன். கிளம்பும்போது அந்த நர்ஸ் பெண் சொட்டு மருந்து போடும் முறையை விளக்கிவிட்டு, "வேற ஏதாவது கேக்கணுமாம்மா?" என்றாள். "அழலாமா?" என்று கேட்டேன். அவளுக்குச் சிரிப்பு வந்துவிட்டது. "தாராளமா அழுங்க. கையால மட்டும் தேய்க்காதீங்க" என்றாள். ஆட்டோவில் ஏறி உட்கார்ந்ததும் நிஜமாகவே அழுதேன். மருமகள் பயந்துபோய், வலிக்கிறதா என்று கேட்டாள். இல்லை என்று தலையாட்டினேன். அவளிடம் எங்கே ஆரம்பித்து எங்கே முடிப்பது?

அதே வாரத்தில் நான் வேலை பார்த்த கூட்டுக் குழுவிலிருந்து இரண்டு பிள்ளைகள் வந்தார்கள். ஏதோ மலர் போடுகிறார்களாம். "பல தரும ஸ்தாபனங்கள் ஒண்ணா சேர்ந்து வேலை பாத்ததுல கிடைச்ச வெற்றிகளைப் பத்தி நீங்க எழுதணும் மேடம்" என்றார்கள். வெற்றிகளை எழுத ஊரில் ஆளா இல்லை? அதற்கென்றே பொன்னாடை போர்த்திக்கொண்டு வருவார்கள். நான் சின்னப்பொண்ணைப் பற்றித்தான் எழுதப் போகிறேன். பிடிக்காவிட்டால் போடாமல் விட்டுவிடட்டும், எனக்கு வருத்தமில்லை.

நான் உறையூர்ப் பெண். அப்பாவுக்குத் தறி. பள்ளிப்படிப்பு முடிந்ததும் சமூக நலப் பயிற்சி என்று ஒரு வருடம் அனுப்பினார்கள். குழந்தைக்கு எடை பார்ப்பது, சாக்கடைக்குச் சுண்ணாம்பு போடுவது, யார் திட்டினாலும் சிரிப்பது, இவ்வளவுதான் அங்கே கற்றேன். சிரிப்பது மட்டும் எனக்குக் கடைசிவரை சரியாக வரவில்லை.

ஐம்பதுகளில் திருச்சியில் மூன்று தரும ஸ்தாபனங்கள் நன்றாக நடந்துகொண்டிருந்தன. ஸ்ரீரங்கத்தில் அன்னதானம் செய்கிற ஒரு சபை. கோட்டைப் பக்கத்து முஸ்லிம் வியாபாரிகளின் ஒரு தரும சங்கம். புத்தூரில் கன்னியாஸ்திரிகள் நடத்திய ஒரு இல்லம். மூன்றும் தனித்தனியாக நல்லது செய்தன. ஒருமுறை ஆற்றில் வெள்ளம் வந்து கரையோரக் குடிசைகள் போனபோது, மூன்று பேரும் ஒரே தெருவுக்குக் கஞ்சி கொண்டுபோய் நின்றார்கள். அந்தத் தெரு ஜனங்கள் மூன்று வேளை சாப்பாட்டை ஒரே வேளையில் சாப்பிட்டுவிட்டு வயிற்றைப் பிடித்துக்கொண்டு கிடந்தார்கள். அடுத்த தெருவுக்கு ஒருத்தரும் போகவில்லை. அங்கே குழந்தைகள் பசியில் கத்திக்கொண்டிருந்தன.

அப்போதுதான் ஸ்ரீரங்கத்துச் சபையின் செயலாளர் வரதாச்சாரியார் மற்ற இருவரையும் கூப்பிட்டு உட்கார வைத்தார். அவர் ரயில்வேயில் ஸ்டேஷன் மாஸ்டராக இருந்து ஓய்வு பெற்றவர். "ஒரே லைன்ல மூணு வண்டியை விட்டுட்டு, பக்கத்து லைனைக் காலியா வெச்சிருக்கோம். இது தர்மமா, கூத்தா?" என்று கேட்டாராம். அந்தக் கேள்வியிலிருந்து பிறந்ததுதான் கூட்டுக் குழு. அதன் முதல் சம்பள ஆள் நான்.

வரதாச்சாரியாரைப் பற்றி ஒரு வார்த்தை சொல்ல வேண்டும். எப்போதும் குடை. மழை வெயில் இல்லாவிட்டாலும் குடை. பெண்கள் உட்கார்ந்திருக்கும் இடத்தில் தான் உட்கார மாட்டார்; குடையை ஊன்றிக்கொண்டு நிற்பார். எந்த வேலையையும் யாரிடம் ஒப்படைக்கிறோம் என்று தெரியாமல் கையை விட்டுவிடக் கூடாது என்பது அவருடைய சட்டம். "லைன் கிளியர் இல்லாம வண்டி நகரப்படாது, கமலாம்மா." என்னைத் திட்டும்போது கூட 'அம்மா' போட்டுத்தான் திட்டுவார். நானோ பட்பட்டென்று பேசுகிறவள். எங்களுக்குள் மாதத்துக்கு ஒரு சண்டையாவது வரும். அவரைப் போல ஒரு மேலதிகாரி பிறகு எனக்கு வாய்க்கவில்லை.

வேலையைப் பிரித்துக்கொண்டோம். சபைக்குச் சாப்பாடு. இல்லத்துக்கு நோய், பெண்கள், குழந்தைகள். முஸ்லிம் சங்கத்துக்குப் பாய், பந்தல், வண்டி. அதோடு கேட்பாரற்ற பிரேதங்களின் அடக்கம். அந்தக் கடைசி வேலை அவர்கள் முன்பிருந்தே செய்துவந்தது. சங்கத்துத் தலைவர் ஹாஜியார் சுருட்டு வியாபாரி. எந்த ஜாதி, எந்த மதம் என்று தெரியாமல் ரோட்டில் செத்துக் கிடப்பவர்களைப் போலீஸ் அவரிடம்தான் ஒப்படைக்கும். இந்துவாகத் தெரிந்தால், உடம்பில் கட்டியிருப்பது எதையும் அவிழ்க்காமல் புதைத்து, ஒரு கற்பூரம் கொளுத்த ஆள் வைத்திருந்தார். ஒவ்வொரு அடக்கத்துக்கும் தானே போய் நிற்பார்.

சாப்பாட்டுக்குப் பிடி அரிசி. வீட்டுக்கு ஒரு கலயம் கொடுத்து, உலை வைக்கும்போது ஒரு பிடி அதில் போடச் சொல்வோம். வாரத்துக்கு ஒருமுறை நான் போய் வாங்கி வருவேன். ஸ்ரீரங்கத்து வீடுகளில் பச்சரிசி, கோட்டைப் பக்கம் புழுங்கலரிசி. முதல் வாரம் இரண்டையும் ஒரே மூட்டையில் கொட்டிவிட்டோம். கஞ்சியில் பாதி குழைந்தது, பாதி வேகவே இல்லை. தின்றவர்கள் எங்கள் மூன்று மதத்தையும் சேர்த்துத் திட்டினார்கள். அதற்குப் பிறகு தனித்தனி மூட்டை.

மாதக் கூட்டம் புத்தூர் இல்லத்தின் முன்கூடத்தில் நடக்கும். முதலில் சாப்பாடு, பிறகு வைத்தியம், பிறகு பிள்ளைகளின் படிப்பு, கடைசியில் அடக்கம். அது ஏன் கடைசி என்றால், சாவுச் சேதி காதில் விழுந்தால் வரதாச்சாரியார் ஸ்நானம் செய்யாமல் சபையில் தளிகை நடக்கும் சமையல்கட்டுக்குள் நுழைய மாட்டார். இது ஹாஜியாருக்குத் தெரியும். படிப்பு விஷயம் முடிந்ததும் மெல்லக் கனைப்பார். "சாமி, மிச்சம் நம்ம வேலைதான். நீங்க கிளம்புங்க, வண்டி நிக்குது." வரதாச்சாரியார் கைகூப்பிவிட்டுக் குடையை எடுப்பார். அதே வண்டியில் பாலம்வரை போகலாமே என்று நானும் எழுந்துவிடுவேன். எங்களை வழியனுப்ப இல்லத்துத் தலைவி சிஸ்டர் எமிலி வாசலுக்கு வருவார். அதற்குள் அவருடைய ஜெப மணி அடித்துவிடும். கடைசியில், செத்தவர்களைப் பற்றி ஹாஜியாரும் அவர் ஆட்களும் தங்களுக்குள் பேசி முடித்துக்கொள்வார்கள். ஒருவருக்கொருவர் எவ்வளவு மரியாதை என்று எனக்கு அப்போது பெருமையாக இருந்தது.

அறுபதுகளின் தொடக்கத்தில் ஒரு மாசி மாதம் முதல் இலவசக் கண் முகாம் போட்டோம். ஹாஜியார் தன்னுடைய சுருட்டுக் கிடங்கைத் தருகிறேன் என்றார். டாக்டர் வந்து பார்த்தவர், உள்ளே காலெடுத்து வைத்ததும் வரிசையாகத் தும்மினார். ஆபரேஷன் ஆனவன் ஒரு தும்மல் போட்டால் கண் போச்சு என்று சொல்லிவிட்டு நடையைக் கட்டினார். அதனால் சிஸ்டர்கள் இல்லத்தின் நீளக் கூடத்திலேயே முகாம் வைத்தோம்.

அந்தக் காலத்து வைத்தியத்தை இன்றைய பிள்ளைகள் நம்ப மாட்டார்கள். புரை எடுத்த பிறகு இரண்டு கண்ணையும் கட்டிவிடுவார்கள். மல்லாந்தே படுக்க வேண்டும். தலை திரும்பாமலிருக்க இரண்டு பக்கமும் மணல் பை. மெல்லக் கூடாது, கஞ்சிதான். இருமக் கூடாது, தும்மக் கூடாது, சிரிக்கக் கூடாது. எல்லாவற்றுக்கும் மேலே, அழக் கூடாது. சிஸ்டர் எமிலி கூடத்தின் நடுவில் நின்றுகொண்டு தினமும் சொல்வார்: "யாரும் அழக்கூடாது. அழுதா தையல் விட்டுடும், கண்ணு போயிடும். எந்தக் கஷ்டமா இருந்தாலும் கட்டுப் பிரிச்சப்புறம் அழுதுக்கலாம்."

அதனால் ஒவ்வொரு நோயாளிக்கும் ஒரு துணையாள் கட்டாயம். துணையாளுக்கும் கஞ்சி உண்டு. ஆனால் கஞ்சி என்றால் ஊரே வரிசையில் நிற்குமே, துணையாளை எப்படி அடையாளம் காண்பது? சீட்டுக் கொடுத்தால் நனைத்துவிடுவார்கள், தொலைத்துவிடுவார்கள். வரதாச்சாரியார்தான் வழி சொன்னார். கட்டுத் துணியின் ஓரத்தைப் பட்டையாகக் கிழித்து, மஞ்சளில் நனைத்து, வலது மணிக்கட்டில் கட்டிவிடலாம். "மங்களகரமாவும் இருக்கும், தூரத்திலேர்ந்தும் தெரியும்" என்றார். சிஸ்டர் எமிலி ஆபரேஷனில் போடுகிற முடிச்சைப் போட்டுக் கட்டினார். கத்தரித்தால் ஒழிய அவிழாது.

சின்னப்பொண்ணு பச்சைமலையிலிருந்து வந்தாள். முப்பத்தைந்து வயது இருக்கலாம். இரண்டு கண்ணிலும் புரை முற்றி, சில வருடங்களாக வெளிச்சம் மட்டுமே தெரிந்தது. பிள்ளை இல்லை. புருஷன் பெரியசாமி அவளைக் கையைப் பிடித்து மலையிலிருந்து இறக்கி, பஸ் ஏற்றிக் கூட்டிவந்திருந்தான். அவனைப் பார்த்தால் முதலில் தெரிவது முடிதான். இடுப்புவரை முடி; அதை அள்ளிக் கொண்டை போட்டிருந்தான். முகாமில் சேர்ந்த அன்று சாயங்காலம் வாசலில் அவனை உட்கார வைத்து, கண் தெரியாத அவள் மரச் சீப்பால் சிக்கெடுத்துக்கொண்டிருந்தாள்.

"என்னங்க, உங்க பொண்டாட்டிக்கு வைத்தியமா, உங்களுக்கு அலங்காரமா?" என்று நான் கேட்டேன்.

அவன் வெட்கப்பட்டான். அவள்தான் சொன்னாள். "அவங்கப்பா செத்தப்பவே மொட்டை போட மாட்டேன்னு சண்டை புடிச்சவருங்க. இந்த முடின்னா அவருக்கு உசுருங்க."

அவளுக்கு ஆபரேஷன் நன்றாக முடிந்தது. மறுநாள் காலை பெரியசாமி அவளுக்குக் கஞ்சி ஊட்டிவிட்டு, "கொஞ்சம் வெளிய போயிட்டு வரேன். அசையாம படு" என்று சொல்லிவிட்டுப் போனான். எங்கே என்று சொல்லவில்லை. சாயங்காலக் கஞ்சிக்கு வரவில்லை. மறுநாளும் வரவில்லை.

"அவரு எங்கங்க?" என்று சின்னப்பொண்ணு கேட்டாள். சிஸ்டர் எமிலி என்னைப் பார்த்தார். பிறகு, "ஏதோ ஆடு காணலைன்னு சேதி வந்துச்சு, மலைக்குப் போயிருக்கார்" என்றார். பொய் சொல்லிப் பழக்கமில்லாத மனுஷி. சொல்லிவிட்டுச் சிலுவையைப் பிடித்துக்கொண்டார்.

"எங்கிட்டச் சொல்லாம போக மாட்டாரே" என்றாள் சின்னப்பொண்ணு. உதடு நடுங்கத் தொடங்கியது.

"அழக்கூடாது" என்றார் சிஸ்டர். அவள் முந்தானையை வாயில் திணித்துக்கொண்டாள். கட்டுப் பிரிக்கும்வரை அவள் ஒரு சொட்டுக் கண்ணீர் விடவில்லை. பக்கத்தில் உட்கார்ந்திருந்த எனக்குத்தான் தாங்கவில்லை.

கட்டுப் பிரித்த அன்று மற்ற நோயாளிகளின் துணையாட்கள் வாசலில் வரிசையாக நின்றார்கள். மூடி மூடித் திறந்த கண்ணோடு அவள் ஒவ்வொரு முகமாகப் பார்த்தாள். அத்தனை வருடம் பார்க்காத முகம், மாறியிருக்கும் அல்லவா? என் கையைப் பிடித்து, "இதுல அவரு யாருங்க?" என்று கேட்டாள்.

போலீசில் சொன்னோம். மலைக்காரன், இடுப்புவரை முடி, கொண்டை. அப்படி யாரும் அகப்படவில்லை என்றார்கள். நான் பச்சைமலைக்குப் போனேன். துறையூர்ப் பக்கம் பஸ்ஸில் இறங்கி, மரவள்ளித் தோட்டங்களுக்கு நடுவே ஏறி அவன் அண்ணனைப் பிடித்தேன். தம்பி திரும்பி வரவில்லை என்றார். அதிர்ச்சியடைந்த மாதிரியும் தெரியவில்லை. "எஸ்டேட்டுக்குப் போறேன், எஸ்டேட்டுக்குப் போறேன்னு சொல்லிட்டே இருப்பான். கண்ணும் தெரியாது, புள்ளையும் இல்ல. அவனும் எத்தனை நாளைக்குத்தான் பொறுப்பான்? அவளுக்கு ஒரு வழி பண்ணிட்டுப் போயிட்டான்" என்றார்.

எனக்கு அது நியாயமாகவே பட்டது. வைகுண்ட ஏகாதசிக் கூட்டத்திலும் சமயபுரத்துத் தேரிலும் மனுஷர்களைக் கொண்டுவந்து விட்டுவிட்டுப் போகிறவர்களை நாங்கள் கொஞ்சமா பார்த்திருக்கிறோம்? இவனாவது ஆஸ்பத்திரியில் விட்டானே என்றுகூட நினைத்தேன்.

அந்த மாதக் கூட்டத்தில் நான் இதைச் சொன்னேன். கொண்டை வைத்த மலைக்காரனை எங்கேயாவது பார்த்தால் சொல்லும்படி ஹாஜியாரிடமும் கேட்டேன். "சொல்லி வைக்கிறேம்மா" என்றார். பிறகு படிப்பு விஷயம் முடிந்தது. ஹாஜியார் கனைத்தார். நாங்கள் எழுந்தோம்.

சின்னப்பொண்ணு மலைக்குத் திரும்ப மறுத்துவிட்டாள். "புருஷன் விட்டுட்டுப் போனவன்னு சொல்லுவாங்க. அவரு வந்தப்புறம் சேந்து போறேன்." இல்லத்தின் சமையல்கட்டில் பிடி அரிசியைப் புடைத்துக் கல் பொறுக்கிப் போட்டாள். தடித்த கண்ணாடி போட்டுக்கொண்டு, பச்சரிசியில் தப்பி விழுந்த புழுங்கலை ஒவ்வொன்றாக எடுத்து வைப்பாள். சாயங்காலம் பஸ் வரும் நேரத்தில் வாசலுக்குப் போய் நிற்பாள். மடியில் அந்த மரச் சீப்பு இருக்கும்.

அவள் மனசைத் தேற்றுவது எங்கள் மூன்று ஸ்தாபனங்களின் பொது வேலையாக ஆகிவிட்டது. சிஸ்டர் ஒரு பக்கம், நான் ஒரு பக்கம். வரதாச்சாரியார் புத்தூருக்கு வரும்போதெல்லாம் சமையல்கட்டு வாசலில் குடையை ஊன்றி நின்று சொல்வார். "குழந்தே, பகவான் சில பேரைக் கொஞ்ச தூரந்தான் நம்ம கூட அனுப்பறார். போனவனை நெனச்சு உன் ஆயுசைத் தொலைக்காதே."

"சாமி, அவரு அப்படிப்பட்ட ஆளு இல்லீங்க."

"எல்லாரும் அப்படித்தான்மா சொல்றா."

அவள் முறத்தைப் பார்த்துக் குனிந்துகொள்வாள். ஆடி போய், தீபாவளியும் போனது. ஒருநாள் பஸ் நேரத்தில் அவள் வாசலுக்குப் போகவில்லை. நான் போய்ப் பார்த்தபோது அடுப்பின் முன்னால் உட்கார்ந்திருந்தாள். சீப்பு உள்ளே எரிந்துகொண்டிருந்தது.

"நீங்கள்லாம் சொல்றது சரிதாங்க. விட்டுட்டுத்தான் போயிட்டான்" என்றாள். முதன்முறையாக அவனை 'அவன்' என்றாள். "நாசமாப் போவட்டும். எந்த எஸ்டேட்டுல இருந்தாலும் அவனுக்குக் கஞ்சி ஊத்த ஆளில்லாம போவட்டும்."

அடுத்த கூட்டத்தில் வரதாச்சாரியார், "அந்தப் பொண்ணு தெளிஞ்சுட்டா. பெருமாள் கிருபை" என்றார். எல்லோருக்கும் திருப்தி. சிஸ்டர் அன்று எங்களுக்குக் கேக் கொடுத்தார். நானும் ஒரு துண்டு வாங்கித் தின்றேன்.

மறு வருடம் மாசியில் இரண்டாவது முகாம். காற்றில் பந்தல் ஒரு பக்கம் கிழிந்துவிட்டது என்று ஹாஜியாருக்குச் சொல்லி அனுப்பினோம். முதல் வருடம் அவர் பாயும் பந்தலும் அனுப்பினாரே தவிர, முகாமுக்குள் வரவே இல்லை. பெண்கள் படுத்திருக்கும் இடம், ஐயர்மார் சமைக்கும் இடம், நாம் எதற்கு என்று ஒதுங்கியே இருந்தார். இந்த முறை ஆட்களோடு வந்து வாசலில் நின்று கயிறு கட்டச் சொல்லிக்கொண்டிருந்தார். லால்குடிப் பக்கத்து ஆள் ஒருவர் பாயை வாங்க அவர் முன்னால் கையை நீட்டினார். ஹாஜியார் பாயைக் கொடுக்கவில்லை. அந்த மணிக்கட்டைப் பிடித்துக்கொண்டு நின்றார்.

"இது என்னம்மா?" என்று என்னைக் கேட்டார்.

"துணையாளுக்கு அடையாளம் ஹாஜியார். கஞ்சி ஊத்தறவங்களுக்குத் தெரியணும்ல."

"போன வருஷமும் கட்டினீங்களா?"

"ஆமா."

"இதே துணியா? இதே முடிச்சா?"

"இதேதான். ஏன் கேக்கறீங்க?"

அவர் பாய்க்கட்டின் மேல் உட்கார்ந்துவிட்டார். தண்ணீர் கொடுத்தேன், வாங்கவில்லை. சிஸ்டரையும் வரதாச்சாரியாரையும் கூப்பிடச் சொன்னார்.

முன்கூடத்தில் நாலு பேரும் கூடினோம். ஹாஜியார் பேசத் தொடங்கி நிறுத்தினார். "சாமி, இது மையத்து விஷயம், அடக்கம் பண்ணின சமாசாரம். நீங்க வேணும்னா..."

"சொல்லுங்கோ" என்றார் வரதாச்சாரியார். "இன்னிக்கு நான் கிளம்பப் போறதில்லே." சொல்லிவிட்டு நாற்காலியை இழுத்து உட்கார்ந்தார். சிஸ்டரும் நானும் இருக்கும் இடத்தில் அவர் உட்கார்ந்து நான் பார்த்தது அன்றுதான்.

போன மாசியில், கொள்ளிடம் பாலம் தாண்டிச் சமயபுரம் ரோட்டில், திருச்சியைப் பார்த்து நடந்துவந்த ஒரு ஆளை லாரி அடித்துவிட்டது. நினைவு திரும்பாமலே உயிர் போய்விட்டது. யாரும் தேடி வரவில்லை. போலீஸ் ஹாஜியாரிடம் ஒப்படைத்தது. "புதுசா மொட்டை அடிச்சிருந்துச்சு, சந்தனம்கூடக் காயல. கையில மஞ்சத் துணி. மடியில ஒரு குங்குமப் பொட்டலம், ஒரு எலுமிச்சம்பழம். அம்மனுக்கு வேண்டிக்கிட்டு வந்த யாரோன்னு நெனச்சோம். காப்புன்னா முறுக்கின கயிறால்ல இருக்கும், இது பட்டையா இருக்கேன்னு அப்பவே ஒரு நிமிஷம் பாத்தேன். அவங்கவங்க வழக்கம்னு விட்டுட்டேன். நீங்க கொண்டை வச்ச ஆளுன்னு சொன்னீங்க. நான் மொட்டை அடிச்ச ஆளைப் புதைச்சிருந்தேன்." பிறகு என்னைப் பார்த்துச் சொன்னார்: "நீங்க கேட்ட அன்னிக்கே, நீங்க எழுந்து போனப்புறம் இந்த மையத்தைப் பத்தித்தாம்மா நாங்க பேசினோம்."

பத்து நிமிடம். அந்தக் கனைப்புக்குப் பிறகு நாங்கள் ஒரு பத்து நிமிடம் அதே இடத்தில் இருந்திருந்தால், 'கையில் மஞ்சள் துணி' என்ற வார்த்தை சிஸ்டர் காதிலும் என் காதிலும் விழுந்திருக்கும். ஒரே கூடத்தின் இந்த முனையில் நாங்கள் அவளுக்குச் சோறு போட்டோம், அந்த முனையில் அவர்கள் அவனைப் புதைத்த கணக்கை முடித்தார்கள். ஒருவர் ஆசாரத்தை ஒருவர் மதித்தோம். எனக்கு ஆத்திரமாக வந்தது. யார் மேல் என்றுதான் தெரியவில்லை.

வரதாச்சாரியார் குடையின் கைப்பிடியையே பார்த்துக்கொண்டிருந்தார். "மஞ்சளைக் கட்டினது நாமதானே" என்றார். "மஞ்சத் துணியைக் கையில கட்டினா அந்தப் பிள்ளை என்ன நெனச்சிருப்பான்? அம்மனுக்குக் காப்புக் கட்டியாச்சு, வேண்டுதலை முடிக்கணும்னு நெனச்சிருப்பான். பெண்டாட்டி கண்ணுக்காகத் தலைமுடியைக் கொண்டு போய்க் கொடுத்துட்டு ஓட்டமா வந்திருக்கான். அவனைப் போயி, ஓடிப்போயிட்டான் ஓடிப்போயிட்டான்னு அவ கிட்டே நான்..." துண்டால் முகத்தை மூடிக்கொண்டார்.

அதற்குப் பிறகு நடந்த எல்லாக் கூட்டங்களிலும் அடக்கம்தான் முதல் விஷயம். வரதாச்சாரியார் கடைசிவரை இருந்து, எல்லாவற்றையும் கேட்டுவிட்டு, நேரே ஆற்றில் முழுகிவிட்டுச் சபைக்குப் போவார். துணையாளுக்கு மஞ்சளை விட்டுவிட்டு நீலத் துணி கட்டினோம். இவையெல்லாம் பிரயோஜனமான மாற்றங்கள்தான். மலருக்கு வேண்டுமானால் இந்த இரண்டு வரியை மட்டும் எடுத்துக்கொள்ளட்டும். சின்னப்பொண்ணு பிறகு மலைக்கே திரும்பி, புருஷனுடைய அண்ணன் பிள்ளைகளை வளர்த்துக்கொண்டு தலை நிமிர்ந்துதான் இருந்தாள். அதையும் இங்கேயே சொல்லிவிடுகிறேன், ஏனென்றால் மறுநாள் காலை நடந்ததைச் சொன்ன பிறகு எனக்கு வேறு எதையும் எழுத ஓடாது.

மறுநாள் காலை நாலு பேருமாகச் சமையல்கட்டுக்குப் போனோம். அவள் முறத்தோடு உட்கார்ந்திருந்தாள். எங்களை ஒன்றாகப் பார்த்ததும் எழுந்து நின்றாள். ஹாஜியார்தான் சொன்னார். ஒன்றையும் மறைக்காமல், ஒன்றையும் கூட்டாமல், ரோடு, லாரி, மஞ்சள் துணி, குங்குமம் என்று சொல்லி முடித்தார்.

அவன் செத்ததைப் பற்றி அவள் கேட்கவில்லை. "முடிய எடுத்துட்டாரா?" என்று கேட்டாள்.

"ஆமாம்மா. மொட்டைதான்."

"முழுசாவா?"

"முழுசா."

தலையை ஆட்டிக்கொண்டே இருந்தாள். "எனக்காவத்தான் எடுத்திருப்பாரு" என்றாள். பிறகு வரதாச்சாரியாரைப் பார்த்து, கோபமே இல்லாமல், "அவரு அப்படிப்பட்ட ஆளு இல்லைன்னு சொன்னேனே சாமி" என்றாள். அந்த மனிதர் நின்ற இடத்திலேயே அவளை நோக்கிக் கைகூப்பினார். அவரைவிட முப்பது வயது சின்னவள் அவள். அவள் அதைக் கவனிக்கவில்லை. "நான் அவரைத் திட்டிட்டேனே. அவரு சீப்பை எரிச்சுட்டேனே" என்று அடுப்பைப் பார்த்துச் சொன்னாள்.

இடத்தைக் காட்டச் சொன்னாள். ஆற்றோரம் இருந்த அந்த மயானத்துக்கு ஹாஜியாரின் வண்டியிலேயே போனோம். ஒரு வேலியோரம் புல் மண்டிய மேட்டில், தலைமாட்டில் ஒரு கல் நட்டிருந்தது. ஒவ்வொன்றுக்கும் ஹாஜியார் அப்படி ஒரு கல் நட்டு வைப்பார். "இதுதாம்மா" என்றார்.

அவள் குனிந்து புல்லைக் கொஞ்சம் பிடுங்கிப் போட்டாள். கல்லின் உச்சியை, வழவழப்பான அந்த இடத்தை, உள்ளங்கையால் தடவினாள். பிறகு கண்ணாடியைக் கழற்றி, துடைத்து, முந்தானையில் முடிந்துகொண்டாள். சிஸ்டர் எமிலியைத் திரும்பிப் பார்த்தாள்.

"சிஸ்டர், இப்ப அழலாமுங்களா?"

சிஸ்டர் சிலுவையைப் பிடித்துக்கொண்டார். ஹாஜியார்தான், "அழும்மா" என்றார்.